பாய்மரக் குழிக்குள் இறங்கிய தண்ணீர்

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்டபோது, என் பாய்மரப் படகு எங்கள் படகோட்டிகள் சங்கத்தின் முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது. ஜனவரியில் பந்தயப் பருவம் தொடங்குவதற்கு முதல் நாள் அதைப் புரட்டி, பின்புறத்தில் இருக்கும் சிறிய திருகுமூடியைக் கழற்றினேன். ஒரு சொம்பு கொள்ளும் அளவுக்குத் தண்ணீர் வடிந்தது. புயல் மழைதான் எங்கோ புகுந்திருக்கிறது என்று நானே முடிவு கட்டி, மூடியைத் திருகி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நான்கு மாத அலைச்சல் குறைந்திருக்கும்.

படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகள் லேசர் என்றே அழைக்கப்பட்டு, இப்போது ஐ.எல்.சி.ஏ. என்ற பெயரில் ஓடும் ஒற்றையாள் பாய்மரப் படகு அது. நீளம் 4.23 மீட்டர்; பாய்மரமும் பாயும் இல்லாமல் உடல் மட்டும் ஏறக்குறைய 59 கிலோ. 1969-இல் புரூஸ் கெர்பி என்ற கனடியர், காரின் கூரையில் கட்டி எடுத்துச் செல்லக்கூடிய எளிய படகாக இதை வரைந்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலிருந்து இது ஒலிம்பிக் படகாகவும் இருக்கிறது. வேலூர்க்காரரான விஷ்ணு சரவணனும் சென்னையின் நேத்ரா குமணனும் டோக்கியோவில் ஓட்டியது இந்தப் படகைத்தான். நேத்ரா ஓட்டியதில் பாய் சற்றுச் சிறியது, பாய்மரத்தின் கீழ்த்துண்டு சற்றுக் குட்டை, அவ்வளவே வேறுபாடு. எல்லோருடைய படகும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதே இந்தப் படகு வகுப்பின் அடிப்படை விதி என்பதால், தோற்றவர் படகைக் குறை சொல்ல முடியாது. நான் இந்தப் பருவம் முழுவதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்பதும், கடைசியில் அது பாதி உண்மையாகப் போயிற்று என்பதும் வேறு கதை.

எங்கள் பருவம் ஜனவரி முதல் ஜூன் வரை, ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில், நாளுக்கு இரண்டாகப் பன்னிரண்டு பந்தயங்கள். பதிவு செய்தவை பதினொரு படகுகள். முதலாவதாக வருபவருக்கு ஒரு புள்ளி, இரண்டாவதாக வருபவருக்கு இரண்டு என்று போகும் கணக்கில், குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர். பந்தயத்தை முடிக்காதவருக்கும் தொடங்காதவருக்கும் பதிவான படகுகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி, எங்கள் கணக்கில் பன்னிரண்டு புள்ளிகள். மிக மோசமான இரண்டு பந்தயங்களைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகையும் உண்டு. இரண்டே இரண்டு என்பதை நான் மார்ச் மாதம் வரை பெரிதாக நினைக்கவில்லை.

முதல் விபத்து முதல் பந்தயத்திலேயே நடந்தது. வாடைக்காற்று நன்றாக இழுத்துக்கொண்டிருந்தது. காற்றை எதிர்த்துப் போகும்போது படகு சாயாமல் இருக்க, ஓட்டுபவர் விளிம்பில் உட்கார்ந்து, படகின் நடுவே ஓடும் ஒரு பட்டைக்குள் பாதங்களைக் கொடுத்து, உடம்பு முழுவதையும் கடலுக்கு மேல் மல்லாத்த வேண்டும். அந்தப் பட்டையின் பின்முனையை இழுத்துக் கட்டியிருப்பது ஒரு முழம்கூட இல்லாத சிறு கயிறு. அது வெயிலில் இற்றுப் போயிருந்ததை நான் கவனிக்கவில்லை. மல்லாந்த நிலையிலேயே, கையில் இருந்த கயிற்றையும் விட்டுவிட்டு, தலைகீழாகத் தண்ணீரில் விழுந்தேன். நான் இல்லாத படகு பத்தடி தூரம் தனியாக ஓடி, பிறகு என்ன நினைத்ததோ காற்றின் பக்கம் திரும்பிப் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. படுக்காமல் ஓடியிருந்தால் துறைமுகத்தின் கற்சுவரில்தான் நின்றிருக்கும். நீந்திப் பிடித்து, நிமிர்த்தி, பத்தாவதாக வந்து சேர்ந்தேன். இரண்டு பந்தயங்களுக்கும் இடையிலிருந்த இருபது நிமிடங்களில் வேறொருவரிடம் கயிறு வாங்கிக் கட்டினேன். அடுத்த பந்தயத்தில் எட்டாவது.

அன்று மாலை மூடியைத் திறந்தபோது மீண்டும் தண்ணீர் வடிந்தது. படகு கவிழ்ந்ததல்லவா, அப்போது உள்ளே போயிருக்கும் என்று அதற்கும் ஒரு சமாதானம் என்னிடம் தயாராக இருந்தது.

பிப்ரவரியில் சுக்கான் போயிற்று. காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது இந்தப் படகுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும், மூன்றாவது ஆட்டத்தில் சமாளிக்காவிட்டால், பாய் விரிந்திருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், ஓட்டுபவரின் தலைமேலேயே கவிழும். ஆங்கிலத்தில் இதற்கு ‘டெத் ரோல்’ என்று கொஞ்சம் நாடகத்தனமான பெயர் வைத்திருக்கிறார்கள். கவிழ்வது எனக்குப் புதிதல்ல. ஆனால் படகு முழுவதுமாகத் தலைகீழானபோது, சுக்கானைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய சிறிய இரும்புக் கொக்கி வேலை செய்யவில்லை. சுக்கானும் அதன் கைப்பிடியும் அப்படியே நழுவிக் கழன்றன. அந்தக் கொக்கி வளைந்திருப்பது எனக்கு நவம்பரிலேயே தெரியும். கட்டைவிரலால் நிமிர்த்திவிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். மிதந்துகொண்டிருந்த சுக்கானை மீட்புப் படகில் இருந்த பையன் எடுத்துக் கொடுத்தான், “அண்ணே, இது உங்களுதா?” என்று கேட்டுக்கொண்டே. அந்தப் பந்தயம் முடியவில்லை, அடுத்ததைத் தொடங்கவில்லை. கழித்துக்கொள்ள அனுமதித்த இரண்டும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே தீர்ந்தன.

மூன்றாவது ஞாயிறு நடந்ததைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. காற்று வலப்பக்கத்திலிருந்து அடிக்க வரும் படகுக்கு, இடப்பக்கத்திலிருந்து அடிக்க வரும் படகு வழிவிட வேண்டும். பாய்மரப் பந்தயத்தின் அரிச்சுவடி இது. வழிவிட வேண்டியவன் நான். இந்தப் படகில் பாயின் அடிவிளிம்பு மிகவும் தாழ்வாக இருப்பதால், அதற்கு அப்பால் வருபவரைப் பார்க்க அவ்வப்போது குனிய வேண்டும்; நான் குனியவில்லை. “ஸ்டார்போர்டு!” (வலப்பக்கக் காற்றில் வருகிறேன், வழிவிடு) என்ற கூச்சல் காதில் விழுந்தபோது, என் படகின் மூக்கு எதிரே வந்தவருடைய படகின் விளிம்பில் மோதிவிட்டது. சாதாரணத் தவறுக்கு இரண்டு வட்டம் சுற்றிவிட்டுப் பந்தயத்தைத் தொடரலாம். எதிராளியின் படகுக்குப் பெரிய சேதம் விளைவித்தவருக்கு அந்த வழி கிடையாது, விலகிக்கொள்ளத்தான் வேண்டும். விலகினேன். அடுத்த பந்தயத்தில் ஒன்பதாவது. அவருடைய படகைச் சரிசெய்து தருவது என் பொறுப்பு என்று நானே சொல்லிவிட்டேன், அவரும் மறுக்கவில்லை.

அதன் பொருட்டுத்தான் காசிமேட்டிலிருந்து ஃபைபர் வேலை செய்யும் அண்ணன் ஒருவரை அழைத்து வந்தேன். 2004 சுனாமிக்குப் பிறகு, நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் கட்டுமரங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்ட காலத்தில் தொழில் கற்றவர் அவர். உடைந்த விளிம்பை அரைப்பானால் இருபுறமும் சரிவாகத் தேய்த்து, கண்ணாடி இழை விரிப்பைச் சிறியதிலிருந்து பெரியதாக நான்கு துண்டுகள் வெட்டி அடுக்கி, அவற்றை ஒட்டவைக்கும் ரெசின் என்ற பிசினைக் கலந்தார். கலப்பதில் அவர் காட்டிய ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. முதலில், இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் கரைசலை ரெசினில் ஊற்றிக் கரைத்தார். அது முழுவதும் கலந்தபின், வேறொரு மூடியில் அளந்து வைத்திருந்த, ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்டைச் சேர்த்தார். இரண்டு குப்பிகளையும் ஒரே மேசையில் வைக்க விடவில்லை. அவை நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடித்துத் தீப்பிடிக்கும். “அப்படிப் பண்ணி ஒருத்தன் புருவமே இல்லாம திரிஞ்சான் சார்” என்றார்.

வேலை முடிந்தபின் என் படகை ஒருமுறை தட்டிப் பார்த்தார். முன்பகுதியில் தட்டும்போது வந்த ஒலி பின்பகுதியில் வந்த ஒலியைப் போல் இல்லை. “உள்ள தண்ணி நிக்குதா?” என்று கேட்டார். கவிழும்போது கொஞ்சம் போகும், வடித்துவிடுவேன் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் மாதம் பாய்மரம் ஒடிந்தது. என் படகின் மரம் இரண்டு அலுமினியக் குழாய்கள். மேல்துண்டின் அடிப்பகுதி கீழ்த்துண்டுக்குள் செருகிக்கொள்ளும். செருகும் ஆழத்தை நிர்ணயிக்க மேல்துண்டில் ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கிறது. அதைப் பொருத்த ஒரு ரிவெட். ரிவெட்டுக்கு ஓர் ஓட்டை. மரம் வளையும்போது மிக அதிகமான இழுவிசையைத் தாங்கும் இடத்துக்கு அருகிலேயே அந்த ஓட்டை இருப்பதும், அங்கே உப்புத் தண்ணீர் தங்கி அலுமினியத்தை அரிப்பதும் இந்த வகுப்பில் எல்லோரும் அறிந்த குறை. இதற்காகவே, மேல்துண்டைத் தலைகீழாகத் திருப்பி, வளையத்தை மறுமுனையில் பொருத்தி, பழைய ஓட்டையை ரிவெட்டால் அடைத்துப் பயன்படுத்த விதி இடம் தருகிறது. காலாகாலத்தில் திருப்பிவிட்டால் அதே குழாய் இன்னும் சில பருவங்கள் உழைக்கும். திருப்ப வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தேன். மரம் ஒடிந்த அன்றும் அந்தத் தாள் அங்கேதான் இருந்தது.

ஒடிந்த கணம் எனக்கு ஒலியாகத்தான் நினைவில் நிற்கிறது. காய்ந்த மூங்கிலை முழங்காலில் வைத்து முறிப்பதைப் போன்ற ஒரே ஒரு சத்தம். மேற்பாதி பாய் மடிந்து என் மடிமேல் விழுந்தது. இந்தப் பாய், மரத்தில் உறைபோல மாட்டப்படுவது என்பதால், முறிந்த குழாயின் கூர்முனை உள்ளிருந்தே துணியை இரண்டு சாண் நீளத்துக்குக் கிழித்திருந்தது. இன்னும் இரண்டு பந்தயங்கள், இன்னும் இருபத்து நான்கு புள்ளிகள். புதிய மேல்துண்டு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதன் விலையில் ஒரு நல்ல சைக்கிள் வாங்கலாம் என்று மனைவி சொன்னார், சைக்கிளாவது ஓடும் என்ற சொல்லாத பகுதியையும் நான் கேட்டுக்கொண்டேன். சங்கத்தில் ஒருவர் தம்முடைய பழைய குழாயைத் தந்தார். அதைத் திருப்பிப் பொருத்தினோம். பாயின் கிழிசலை, பாரிமுனையில் தார்ப்பாய் தைக்கும் கடைக்காரர் ஒருவர், இதென்ன துணி, தாளைப்போல மொடமொடக்கிறதே என்று வியந்துகொண்டே தைத்துக் கொடுத்தார். தையல் கோணல்தான், ஆனால் பிரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் நேத்ரா பிரான்சின் இயேர் நகரில் நடந்த தகுதிச் சுற்றில் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இடம் பிடித்த செய்தி வந்தது. விஷ்ணு ஜனவரியிலேயே அடிலெய்டில் தம் இடத்தை உறுதி செய்திருந்தார். சங்கத்துத் தேநீர் மேசையில் அன்று எங்களுக்கு வேறு பேச்சில்லை.

ஏப்ரல் கடைசி ஞாயிறு. தென்கிழக்குக் கடற்காற்று பிற்பகலில் நேரம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. எதுவும் உடையவில்லை, எதுவும் கழலவில்லை, யார் மீதும் மோதவில்லை. இருந்தும் முதல் பந்தயத்தில் பத்தாவதாகவும் இரண்டாவதில் கடைசியாகவும் வந்தேன். தொடக்கக் கோட்டில் மற்றவர்களோடு ஒன்றாகத்தான் கிளம்பினேன். ஒவ்வொரு அலையிலும் அவர்களின் படகுகள் ஏறி இறங்கிப் போக, என்னுடையது மூக்கை அலைக்குள் கொடுத்து, ஒரு கணம் யோசித்து, பிறகு எழுந்தது. திருப்பங்களில் உள்ளே ஏதோ உருள்வதுபோல ஓர் ஒலி கேட்டது. விபத்து எதையும் காரணமாகக் காட்ட முடியாத அந்த நாள்தான் என்னை உண்மையாகச் சங்கடப்படுத்தியது.

கரைக்கு வந்து மூடியைத் திறந்தேன். வடிந்து முடியக் கால் மணி நேரம் ஆயிற்று. பக்கத்தில் நின்ற மூத்தவர் ஒருவர், கொட்டும் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நானும் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. நாங்கள் இன்னும் படகைக் குழாய்த் தண்ணீரில் கழுவவில்லை. மழை பெய்து மாதங்கள் ஆகியிருந்தன. அன்று நான் ஒருமுறைகூடக் கவிழவில்லை. எனக்கு மிச்சமிருந்த சமாதானங்கள் எல்லாம் அந்த ஒரு சொட்டில் தீர்ந்தன.

மீன் எடை போடும் தொங்கு தராசு ஒன்றை இரவல் வாங்கி, வடித்த படகையே நிறுத்தோம். 71 கிலோ. தண்ணீர் வடிந்த பின்னும் பன்னிரண்டு கிலோ அதிகம். உள்ளே மிதவைக்காக வைத்திருக்கும் நுரைக்கட்டைகள் உறிஞ்சியது அது. அடுத்த வேலை, தண்ணீர் போகும் வழியைத் தேடுவது. படகின் மேல்தளத்தில், பாய்மரத்தின் அடிப்பகுதியைச் செருக ஒரு குழி உண்டு. படகைச் சமமாக நிறுத்தி, அந்தக் குழியை விளிம்பு வரை நல்ல தண்ணீரால் நிரப்பி, பென்சிலால் கோடு போட்டுவிட்டுக் காத்திருந்தோம். பத்தே நிமிடத்தில் இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. மரம் காற்றுக்கேற்பத் திரும்பும்போதெல்லாம், குழிக்குள் தங்கிய மணல் அரத்தைப்போல அடிப்பாகத்தை அராவியிருக்கிறது. அலை மேல்தளத்தைக் கழுவும் ஒவ்வொரு முறையும் குழி நிறைந்து, படகின் வயிற்றுக்குள் வடிந்திருக்கிறது. பந்தயத்துக்கு முன் குழியை ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி அலசிவிடுவது இரண்டு நிமிட வேலை. இந்தப் பத்தியை எழுதும்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்: நான் அதைச் செய்ததாக ஒரு நாள்கூட நினைவில் இல்லை.

காசிமேட்டு அண்ணனை மீண்டும் அழைத்தேன். அவருக்குக் கோபமே வந்தது. “தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு பாக்காம, வடிச்சு வடிச்சு ஓட்டிருக்கீங்க. மரம் நிக்கிற எடம் சார் இது. இன்னும் ரெண்டு தடவ நல்ல காத்து அடிச்சிருந்தா தளத்தையே பேத்துக்கிட்டு வந்திருக்கும்.” எபாக்சி என்ற வேறு வகைப் பிசின்தான் பழைய ஃபைபரில் நன்றாகப் பிடிக்கும் என்று நான் படித்ததைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, ஆனால் ஈரத்தின் மேல் எதைப் பூசினாலும் நிற்காது, முதலில் காயட்டும் என்றார். மேல்தளத்தில் கை நுழையும் அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை போட வேண்டும் என்றும் சொன்னார். மூடியுடன் கூடிய அத்தகைய ஓட்டைக்கு வகுப்பு விதியில் அனுமதி உண்டு. இருந்தும், நல்ல தளத்தில் துளைக்கருவியை வைப்பதை நான் நின்று பார்க்கவில்லை. தேநீர் வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டேன்.

அக்கினி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. எல்லோரும் சபித்துக்கொண்டிருந்த அந்த வெயில் எனக்கு மட்டும் வேலைக்காரனாக வந்து வாய்த்தது. பகலில் படகின் ஓட்டையைத் திறந்து வெயிலில் வைத்து, இரவில் ஒரு குண்டு பல்பை உள்ளே தொங்கவிட்டு எரியவிட்டேன். இருட்டிய முற்றத்தில் படகு முழுவதும் மங்கிய மஞ்சள் ஒளியில் ஒரு பெரிய சுரைக்காய் விளக்கைப்போலத் தெரியும்; எங்கே ஃபைபர் மெலிந்திருக்கிறது என்பதும் அந்த ஒளியில் புலப்பட்டது. மூன்று வாரங்களில் எடை 63 கிலோவுக்கு இறங்கி, அதற்குமேல் இறங்க மறுத்தது.

எபாக்சி பூசும் வேலையை அதிகாலை ஐந்து மணிக்கு வைத்துக்கொண்டோம். மே மாத நண்பகலில் கலந்தால், கோப்பையிலேயே சூடேறிப் புகைந்து கெட்டியாகிவிடும். முதல் முறை எனக்கு அப்படித்தான் ஆயிற்று. அண்ணன் தோள்வரை கையை உள்ளே விட்டு, கண்ணால் பார்க்க முடியாத குழியின் அடியைச் சுற்றி, ஈரமாக்கிய கண்ணாடி இழைத் துண்டுகளை ஒவ்வொன்றாக விரல் நுனியால் அமுக்கி ஒட்டினார். கண்ணை மூடிக்கொண்டு, வாயைக்கூட லேசாகத் திறந்துகொண்டு, தொடுவதிலேயே முழுக் கவனமும் வைத்து அவர் செய்த அந்த அரைமணி நேரத்துக்கு இந்தப் பருவத்தில் நான் ஓட்டிய எந்தப் பந்தயமும் ஈடாகாது. காய்ந்தபின் குழியை நிரப்பி, கோடு போட்டு, ஓர் இரவு முழுவதும் வைத்தோம். காலையில் தண்ணீர் கோட்டிலேயே நின்றது.

ஜூன் மாதக் கடைசி ஞாயிறு, முதல் பந்தயத்தில் நான்காவது, இரண்டாவதில் ஆறாவது. படகு திடீரென்று பறந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். மற்ற படகுகளைப்போல ஓடியது, அவ்வளவுதான். ஆனால் அலையின் உச்சியில் அது தயங்காமல் எழுந்த முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மொத்தம் 118 புள்ளிகள். இரண்டு பன்னிரண்டுகளைக் கழித்து 94. பதினொரு படகுகளில் ஒன்பதாவது இடம்.

கரையேறியதும் மூத்தவரும் நானும் மூடியைக் கழற்றினோம். ஒன்றும் வரவில்லை. படகின் மூக்கை நன்றாகத் தூக்கிப் பிடித்தோம். நான்கைந்து சொட்டுகள் உதிர்ந்தன. இருவரும் விரலை நீட்டினோம். உப்பு இல்லை, உள்ளே வியர்த்த நீர்தான் என்றார் அவர். மூடியைத் திரும்ப வைத்துத் திருகும்போது, அதன் ரப்பர் வளையம் இரண்டு துண்டாகக் கையோடு வந்தது.